தாயைக் காட்டுங்க

அந்த அக்காவிடம் யாராவது வாழைப்பழம் கொடுத்தால் முதலில் காம்பைப் பார்ப்பார். அப்புறம் முகர்ந்து பார்ப்பார். அப்புறம், "எந்தத் தோட்டம்?" என்று கேட்பார். கோயிலில் கொடுக்கும் பழத்துக்கும் இதே விசாரணைதான். ஒருமுறை குருக்களே பொறுக்க முடியாமல், "சாமிக்குப் படைச்சதும்மா, நம்பி வாங்கிக்குங்க" என்றார். அக்காவுக்குக் கோபம் வரவில்லை. "சாமிக்கு ஒண்ணும் ஆகாதுங்க. எனக்கு வயிறு இருக்கே" என்று சொல்லிவிட்டுப் பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அவர் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் இதை யாராவது அவருக்குப் படித்துக் காட்டுவார்கள். மறுநாளே போன் வரும். எந்த இடத்தில் அளந்துவிட்டேன், எங்கே மழுப்பிவிட்டேன் என்று வரிவரியாகச் சொல்வார். அதனால் அக்கா என்றே இருக்கட்டும். ஊரில் அவருக்கு 'செக்போஸ்ட்' என்று ஒரு பெயர் உண்டு. அவர் எதிரில் சொல்லும் தைரியம் மட்டும் யாருக்கும் இல்லை.

திருவாரூருக்குப் பக்கத்தில், வெட்டாற்றுப் படுகையை ஒட்டிய ஊர் அது. என் கணவருக்கு அங்கே கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. கல்யாணமாகிப் போன எனக்கு அடுத்த வீட்டுக்காரராக வாய்த்தவர் அக்கா. போன முதல் வாரமே என் சமையலறைக்குள் வந்து, அரிசி டப்பாவைத் திறந்து, ஒரு கை அள்ளி வெளிச்சத்தில் பார்த்து, "யாரு உனக்கு இதைத் தலையில கட்டினது?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. என் அம்மா வாங்கிக் கொடுத்த அரிசி அது. அதைச் சொன்னதும் அக்கா கொஞ்சமும் அசராமல், "அம்மாவும் பாக்காம வாங்கியிருக்காங்க" என்றார். அப்படித்தான் எங்கள் சிநேகிதம் ஆரம்பித்தது.

அவர் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்தவர். முட்டை வந்தால் ஒரு வாளித் தண்ணீரில் போட்டுப் பார்ப்பார். மிதக்கிற முட்டை வண்டிக்கே திரும்பிப் போகும். வண்டிக்காரர் ஒருநாள் கெஞ்சியிருக்கிறார்: "எல்லா ஸ்கூல்லயும் எறக்கிட்டுத்தான்க்கா வர்றேன். ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல."

"அவங்க பாக்கல. நான் பாத்துட்டேன். என்ன செய்யச் சொல்ற?"

இதைச் சொல்லும்போது அவர் குரல் உயர்ந்திருக்காது என்று எனக்குத் தெரியும். உயரவே உயராது. டீ கொடுத்து உட்கார வைத்துத்தான் திருப்பி அனுப்புவார். அதனாலேயே யாராலும் அவரோடு சண்டை போட முடிந்ததில்லை.

தங்கை மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனபோது நடந்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். எல்லோரும் முன்னறையில் உட்கார்ந்து சோபாவையும் மாப்பிள்ளையின் சம்பளத்தையும் பார்த்துக்கொண்டிருந்தபோது அக்கா நேராகக் கொல்லைப்பக்கம் போய்விட்டார். அங்கே பையனின் அம்மா பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார். இவரும் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தார். முன்னறையிலிருந்து பையன், "அம்மா, தண்ணி!" என்று ஒரு குரல் கொடுத்தானாம். அந்த அம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடினாராம். வீட்டுக்கு வந்ததும் அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டார். "பையன் நல்ல பையன்தான். ஆனா அவங்கம்மா ஓடின ஓட்டத்தைப் பாத்தேன். நம்ம புள்ளையால அப்படி ஓட முடியாது." அந்தச் சம்பந்தம் அத்தோடு போயிற்று. அந்தப் பெண் இன்றைக்கும் தீபாவளிக்குத் தீபாவளி பெரியம்மாவுக்குப் புடவை எடுத்து அனுப்புகிறாள்.

எதை எடுத்தாலும், அது எங்கிருந்து வந்தது, யார் வளர்த்தது, அதைப் பெற்றது எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் அக்கா தொட மாட்டார். விதைநெல் வாங்கினால் அது விளைந்த வயலுக்குப் போய்ப் பார்ப்பார். ஆட்டுக்குட்டி வாங்கினால், "தாயைக் காட்டுங்க" என்பார். இந்தக் குணம் அவருக்கு எப்படி வந்தது என்று நான் கேட்டதில்லை. அவருடைய அப்பாவும் அம்மாவும் காலமெல்லாம் அடுத்தவர் வயலில் நட்டு, அறுத்து, கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்தவர்கள். இது நல்லதா கெட்டதா என்று கேட்கிற உரிமை அவர்களுக்கு இருந்ததில்லை. அந்தத் தெருவில் பத்தாவது பாஸ் பண்ணி அரசாங்க வேலைக்குப் போன முதல் பெண் அக்கா. அவர்கள் கேட்காததையெல்லாம் சேர்த்து இவர் கேட்டார் என்றுதான் நான் நினைத்துக்கொள்வேன்.

அவரும் காலமாகிவிட்ட அவர் கணவரும் சேர்ந்து படுகையில் கொஞ்சம் நிலமும் ஒரு தென்னந்தோப்பும் வாங்கியிருந்தார்கள். ஓய்வு பெற்றதும் அக்கா அந்தத் தோப்பில் ஒரு கொட்டகை போட்டு ஆடு வளர்க்க ஆரம்பித்தார். ஒவ்வோர் ஆட்டின் தாயையும் பார்த்து எடுத்தவை. எல்லாம் வாளிப்பாக இருந்தன. அவற்றோடு போகும்போது அக்காவின் நடையே மாறிவிடும். சொந்த மண்ணில் சொந்த ஆடு மேய்க்கிறவரின் நடை அது. எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கும்.

வந்தது வினை, தெருநாய்களின் உருவத்தில். பாலத்துக்குப் பக்கத்தில் ரோட்டோரமாகக் கோழிக்கடைக் கழிவைக் கொட்ட ஆரம்பித்தார்கள். அதைத் தின்று ஒரு நாய்க்கூட்டம் பெருத்தது. கழிவு வராத நாளில் அவை வயலில் இறங்கின. அந்த அடைமழைக் காலத்தில் அக்காவின் குட்டிகளில் சில போயின. ஒரு சினையாட்டையும் கடித்துப் போட்டன. அக்கா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

பொங்கலுக்குச் சென்னையிலிருந்து மகன் வந்தார். நல்ல பிள்ளை. அம்மா மேல் உயிர். அம்மா கம்பும் கையுமாக நாய்களுக்குப் பின்னால் ஓடுவதைக் கண்ணால் பார்த்துவிட்டார். "இந்த வயசுல உன்னைக் கடிச்சுக் குதறினா யாரும்மா பாக்கிறது? எல்லாத்தையும் வித்துட்டு என்னோட வா" என்று உட்கார்ந்துவிட்டார். இரண்டு நாள் இழுபறிக்குப் பிறகு அம்மாவும் மகனும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். இனிமேல் ஒரே ஓர் ஆடு நாய்வாயில் போனாலும் அக்கா எல்லாவற்றையும் விற்றுவிட்டுச் சென்னைக்குப் போய்விட வேண்டும். அக்கா, "சரி" என்று சொல்லிவிட்டார்.

அக்கா ஒரு வார்த்தை சொன்னால் அதிலிருந்து பின்வாங்க மாட்டார் என்பது ஊருக்கே தெரியும். சென்னையில் பத்தாவது மாடியில் உட்கார்ந்து, பாக்கெட்டில் வருகிற கீரையைப் பார்த்து, "இது எந்தத் தோட்டம்?" என்று அவர் யாரைக் கேட்பார்?

மகன் பஸ் ஏறின மறுநாள் காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "ஸ்கூட்டிய எடு. நல்ல நாய் ஒண்ணு பாக்கணும்."

முதலில் போனது பக்கத்து ஊர் கால்நடை மருந்தகத்துக்கு. அங்கே இருந்த டாக்டரம்மா சின்ன வயது. ஆனால் பொறுமையாகச் சொன்னார். "தாயப் பாக்காம குட்டி எடுக்காதீங்கம்மா. முடிஞ்சா தகப்பனையும் பாருங்க. குட்டி ரெண்டு மாசமாவது தாய்கிட்ட இருந்திருக்கணும். கண்ணுல பீளை, மூக்குல சளி, உப்பின வயிறு, வெளுத்த ஈறு இதெல்லாம் இருந்தா வேண்டாம். ஆட்டுக் காவலுக்குன்னா ஆட்டோட பொறந்து வளந்ததா பாத்தா இன்னும் நல்லது." கேட்கக் கேட்க அக்காவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. கட்டிப்பிடிக்காத குறை. வெளியே வந்ததும் என் தோளில் ஓர் அடி வைத்து, "பாத்தியா? நான் சொன்னா செக்போஸ்டு. படிச்சவங்க சொன்னா டாக்டரு" என்றார். அந்தப் பட்டப்பெயர் அவருக்குத் தெரியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்தது தஞ்சாவூரில் ஒரு நாய்க்குட்டிக் கடை. கண்ணாடிக் கதவு, ஏசி. உள்ளே பஞ்சுப் பொதிபோல வெளிநாட்டுக் குட்டிகள். எனக்கு ஒவ்வொன்றையும் தூக்கிக் கொஞ்ச வேண்டும் போலிருந்தது. கடைக்காரர் ஒரு குட்டியின் பரம்பரைப் பெருமையை மூச்சுவிடாமல் சொல்லி முடித்ததும் அக்கா கேட்டார்: "தாயைக் காட்டுங்க."

"தாய் இங்க இல்லம்மா, பெங்களூர்ல இருக்கு."

"குட்டிக்கு என்ன வயசு?"

"ஒரு மாசம் முடியப்போகுது."

அக்கா அந்தக் குட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "பால் மறக்காத புள்ளைய இங்க வச்சுக்கிட்டு ஆத்தாளைப் பெங்களூர்ல வச்சிருக்காங்க. வா போவோம்." ஏசியை விட்டு வெளியே வர எனக்கு மனசில்லை. வரும் வழியெல்லாம் அக்கா அந்தக் குட்டியைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார். பாவம், பாவம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். பாவப்பட்டு ஒன்றை எடுத்துவிடும் ஆள் மட்டும் அல்ல.

நாங்கள் நாய் தேடுவது ஊருக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் ஊரில் பஞ்சாயத்துத் தலைவராக இருந்த பெரியவர் ஒருவர் ஆள் அனுப்பினார். அவர் வீட்டு நாய் குட்டி போட்டிருக்கிறதாம், வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னாராம். போனோம். எங்கள் பக்கத்தில் குட்டி தேர்ந்தெடுப்பதற்கு ஒரு முறை உண்டு. காதைப் பிடித்துத் தூக்குவார்கள். கத்தினால் கோழை. கத்தாத குட்டி வீரன். கால் நகத்தை எண்ணுவார்கள், வாயைப் பிளந்து மேலண்ணம் கறுப்பா என்று பார்ப்பார்கள். பெட்டைக்குட்டிகளை யாரும் எண்ணிக்கையிலேயே சேர்ப்பதில்லை. அங்கே கூடியிருந்தவர்கள் எல்லோரும் கைதேர்ந்தவர்கள். ஒவ்வொரு குட்டியாகத் தூக்கினார்கள். எல்லாம் வீல் வீலென்று கத்தின. ஒன்றே ஒன்று மட்டும் காதில் தொங்கியபடி சும்மா பார்த்துக்கொண்டிருந்தது. "இதான்! சிங்கம்!" என்று பெரியவர் அதை அக்காவின் மடியில் வைத்தார். எல்லோரும் கைதட்டாத குறை.

அக்கா அதன் உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தார். வயிற்றைத் தடவினார். தரையில் விட்டுப் பக்கத்தில் கையைத் தட்டினார். குட்டி நாலடி நடந்து உட்கார்ந்துவிட்டது.

"அண்ணே, இது வீரன் இல்ல. இதுக்குக் கத்தத் தெம்பில்ல. வயிறு பூராப் பூச்சி. இன்னிக்கே டாக்டரம்மாகிட்ட காட்டுங்க."

ஊர்ப் பெரிய மனிதர் கையால் கொடுத்ததை வேண்டாம் என்று எங்கள் பக்கம் யாரும் சொல்வதில்லை. பெரியவர் முகம் கறுத்துவிட்டது. "இனாமாக் குடுத்தாலும் நொட்டை சொல்றியே" என்றார். அக்கா எழுந்து, "நல்லது சொல்றேண்ணே. ரெண்டு நாள் விட்டீங்கன்னா கை நழுவிடும். என் பேச்சுல கோவம்னா அப்புறம் கோவிச்சுக்கங்க, மொதல்ல குட்டியத் தூக்குங்க" என்றார். பெரியவருக்கு என்ன தோன்றியதோ, திட்டிக்கொண்டே தூக்கிக்கொண்டு போனார். அந்தக் குட்டி பிழைத்தது. பெரியவர் வீட்டிலேயே வளர்ந்து, தின்று, தூங்கி, மிதியடி போலக் கதவோரம் கிடந்தது. அதைச் சிங்கம் என்றுதான் அவர் கடைசிவரை கூப்பிட்டார்.

இப்படியே அறுவடை முடிந்துவிட்டது. உளுந்தும் எடுத்தாகிவிட்டது. எனக்கு நம்பிக்கை போய்விட்டது. "கிடைக்கிற ஒண்ண எடுத்துக்கிட்டுப் பழக்குவோம்க்கா" என்று சொல்லிப் பார்த்தேன். "அது என்கூட எத்தன வருஷம் இருக்கப்போவுது தெரியுமா? சாகுற வரைக்கும். அதுக்கு ரெண்டு மாசம் பாக்கக் கூடாதா?" என்றார். யார் சாகுற வரைக்கும் என்று நான் கேட்கவில்லை.

சித்திரை வெயிலில் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கிடை ஆட்டுக்காரர்கள் வந்தார்கள். அறுத்த வயல்களில் ஆடுகளை அடைத்துப் போட்டு, அவற்றின் புழுக்கையை நிலத்துக்கு உரமாக விட்டுவிட்டு ஊர் ஊராகப் போகிறவர்கள். எங்கள் ஊர்த் தரிசில் கிடை போட்டிருந்தவர்களில் ஓர் அம்மாவின் மந்தையோடு ஒரு பெட்டை நாய் இருந்தது. செம்மண் நிறம், ஒட்டிய வயிறு. நாங்கள் வரப்பில் ஏறியதும் அது குரைக்கவில்லை. எழுந்து வந்து எங்களுக்கும் ஆட்டுக்குட்டிகளுக்கும் நடுவில் நின்றுகொண்டது, அவ்வளவுதான். அக்கா நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். என் கையைப் பிடித்து அழுத்தினார். வலித்தது.

"இதுக்குக் குட்டி இருக்கான்னு கேளு."

இருந்தன. பட்டிக்கு உள்ளேயே, ஆட்டுக்குட்டிகளோடு குட்டிகளாக, ஒன்றின் மேல் ஒன்று உருண்டுகொண்டிருந்தன. தகப்பனையும் அந்த அம்மாவே காட்டினார். ஆற்றின் எதிர்க்கரையில் வேறொரு மந்தையோடு நின்றுகொண்டிருந்தது. தினமும் சாயங்காலம் போய் உட்கார்ந்தோம். அக்கா எதையும் தொடவில்லை. தாய் எப்படித் தின்கிறது, எப்படி ஓடுகிறது, ஓடிவிட்டு வந்தால் கால் தாங்குகிறதா, ஆடு முட்டினால் என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவர் எவர்சில்வர் தூக்கின் மூடியைக் கைதவறியதுபோல ஒரு கல்லின் மேல் போட்டார். ணங்கென்ற சத்தத்தில் குட்டிகள் எல்லாம் சிதறி ஓடின. தூரத்தில் போய் நின்று ஒன்று மட்டும் திரும்பிப் பார்த்தது. பிறகு மெல்ல நடந்து வந்து மூடியை முகர்ந்து, நக்கிப் பார்த்துவிட்டு, அக்காவையும் ஒரு பார்வை பார்த்தது. பெட்டைக்குட்டி. கண் பளிச்சென்று இருந்தது. ஈறு ரோஜா நிறம்.

"இது" என்றார் அக்கா. அவர் வாயால் அப்படி ஒரு சொல்லைக் கேட்க நான் எத்தனை ஊருக்குப் பெட்ரோல் போட்டிருக்கிறேன்!

ஆனால் கிடைக்கார அம்மா தலையை ஆட்டிவிட்டார். "நாயக் குடுக்குறதில்ல தாயி. கட்டிப்போட்டு வளப்பீக, இல்லாட்டி ஒரு வருசத்துல தெருவுல விட்ருவீக."

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அந்த அம்மா, "மொதல்ல ஒங்க ஆட்டைக் காட்டுங்க" என்றார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஊரையே சோதித்த அக்காவைச் சோதிக்க ஓர் ஆள் வந்துவிட்டார்! அன்றைக்கு என் ஸ்கூட்டியின் பின்னால் கிடைக்கார அம்மா. அக்கா எங்களுக்குப் பின்னால் நடையும் ஓட்டமுமாக வந்தார். அந்த அம்மா கொட்டகைக்குள் போய்த் தண்ணீர்த் தொட்டியில் கைவிட்டுப் பார்த்தார். தழையை முகர்ந்தார். ஆட்டின் குளம்பைத் தூக்கிப் பார்த்தார். அக்கா பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் அந்த அம்மா திரும்பி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நீங்க இங்கனயே இருப்பீகளா? புள்ள கூப்புட்டான்னு போயிருவீகளா?"

இல்லை, போக மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன். அக்கா சொல்லவில்லை. "இன்னும் ஒரு ஆடு நாய்கிட்ட போச்சுன்னா, வித்துட்டு வந்துடறேன்னு புள்ளைகிட்ட ஒத்துக்கிட்டிருக்கேன்" என்றார்.

அந்த அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். "அப்ப எடுத்துக்கங்க. இவ இருந்தா நீங்க எங்கயும் போக மாட்டீக" என்றார்.

அக்கா புடவை முந்தானையை விரித்துக் குட்டியை வாங்கிக்கொண்டார். அழுதார். எனக்கும் அழுகை வந்தது.

"காவலுக்குப் பொட்டையா?" என்று ஊர் சிரித்தது. அக்கா எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னார். "அவ்ளோ தூரத்துலேர்ந்து மந்தைய முழுசாக் கூட்டிட்டு வந்தது இவ ஆத்தா. உங்க வீட்டுச் சிங்கத்தை அடுத்த தெரு வரைக்கும் அனுப்பிப் பாருங்க."

குட்டிக்கு வேளைக்கு ஊசி, பூச்சி மருந்து, கேழ்வரகுக் கூழில் முட்டை. படுக்கை ஆடுகளோடுதான். நான் ஆசையாகப் பிஸ்கட் வாங்கிக்கொண்டு போனால் கையைத் தட்டிவிடுவார். "அது வேலைக்குச் சேந்திருக்கு. கெடுக்காத." ஆட்டின் காதைக் கடித்தபோது மட்டும் ஓர் அதட்டல். மற்றபடி தாய் ஆடுகளே முட்டி முட்டிச் சொல்லிக்கொடுத்தன. கொஞ்சம் வளர்ந்ததும் கட்டடம் கட்டுகிற இடத்தில் மேஸ்திரி சுற்றிவருவதுபோல அது மந்தையைச் சுற்றிச் சுற்றி வந்தது. என் கணவர் 'மேஸ்திரி' என்று பெயர் வைத்தார். அதுவே நிலைத்துவிட்டது.

அது வளரும்வரை ஒரு வருஷமும் அக்காதான் நாய். கம்போடு போவார், கம்போடு வருவார். ஆடுகளைத் தோப்பைவிட்டுத் தள்ளி விடமாட்டார். மகன் வீடியோவில் பார்த்துவிட்டு, "என்னம்மா, இது குரைக்கவே மாட்டேங்குது?" என்பார். "வேலை செய்யிறவங்க எதுக்குக் கத்தணும்?" என்பார் அக்கா. சொல்லிவிட்டு என்னிடம், "குரைக்கும்ல?" என்று மெல்லக் கேட்பார். அது ஒன்றுதான் அவர் என்னிடம் சந்தேகமாகக் கேட்ட கேள்வி.

அடுத்த பங்குனியில், அறுத்த தாளடி வயலில் ஆடுகளை முதல்முறையாகத் தூரமாக விட்டிருந்தார். உச்சி வெயில். நானும் அக்காவும் தோப்போரம் மோட்டார்க் கொட்டகை நிழலில் மோர் குடித்துக்கொண்டிருந்தோம். வாய்க்காலில் தண்ணீர் இல்லை. அந்தக் காய்ந்த வாய்க்கால் வழியாகவே நாய்கள் வந்திருக்கின்றன. எத்தனை என்று நான் எண்ணவில்லை. பாலத்துப் பக்கத்திலிருந்து வரப்பேறி வந்த அந்தக் கூட்டத்தைப் பார்த்ததும் டம்ளரைப் போட்டுவிட்டு எழுந்தேன். அக்கா ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தார். செருப்பில்லாத காலோடு, தாள் குத்தக் குத்த ஓடினார். நானும் ஓடினேன். எட்டாத தூரம். போய்ச் சேர மாட்டோம் என்று இருவருக்கும் தெரிந்தது.

அப்போதுதான் மேஸ்திரி குரைத்தது. அப்படி ஒரு குரலை அந்த உடம்புக்குள் அது எங்கே வைத்திருந்ததோ! நாய்களை நோக்கிப் பாயவில்லை. முதலில் ஆடுகளைத்தான் சுற்றியது. ஒரு பெரிய சுற்று, ஒரு சின்னச் சுற்று. சிதறி நின்ற ஆடுகளெல்லாம் வரப்பு மூலையில் ஒரே கட்டாகச் சேர்ந்துவிட்டன. அதற்குப் பிறகு திரும்பி நின்றது. கூட்டத்தின் முன்னால் வந்த பெரிய வெள்ளை நாய் பாய்ந்தது. இரண்டும் புழுதிக்குள் புரண்டன. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அலறல் மட்டும் கேட்டது. புழுதியிலிருந்து முதலில் வெளியே ஓடியது வெள்ளை நாய்தான். அது ஓடியதும் மற்றவையும் திரும்பின. மேஸ்திரி வரப்புவரை துரத்தியது. அதற்கு மேல் ஓர் அடி போகவில்லை.

நான் துள்ளிக் குதித்தேன். அக்கா குதிக்கவில்லை. ஆடுகளை எண்ணிக்கொண்டிருந்தார். இன்னொரு முறை எண்ணினார். பிறகு வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஒண்ணு கொறையுது. கறுப்பி ஆட்டோட சின்னக் குட்டி."

அக்கா தென்னந்தோப்பை ஒருமுறை பார்த்தார். கொட்டகையைப் பார்த்தார். எதைக் கணக்குப் போடுகிறார் என்று எனக்குப் புரிந்தது. பிறகு, "மேஸ்திரி!" என்று கூப்பிட்டார். வரவில்லை. அது வாய்க்காலில் இறங்கி, மதகுக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. இன்னொரு முறை கூப்பிட்டார். காதை மட்டும் அசைத்தது. கூப்பிட்டு வராமல் அது இருந்ததே இல்லை. "அடிபட்டுடுச்சா பாரு" என்று எழுந்து ஓடினார்.

மதகுக் குழாயின் வாயை அடைத்துக்கொண்டு அது நின்றிருந்தது. காது கிழிந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. அக்கா போனதும் ஓர் அடி விலகிக்கொடுத்தது. உள்ளே, சருகுக்கு நடுவில், கறுப்பியின் குட்டி ஒடுங்கி நடுங்கிக்கொண்டிருந்தது.

அக்கா கைவிட்டு இழுத்தார். அந்த வெயிலில் வாய்க்காலுக்குள் உட்கார்ந்து, குட்டியைத் தலையிலிருந்து வால்வரை பார்த்தார். நாலு காலையும் மடக்கி நீட்டிப் பார்த்தார். வயிற்றை, கழுத்தை, வாயை எல்லாம் பார்த்தார். அவர் எதையும் அப்படிப் பார்த்து நான் பார்த்ததில்லை. பிறகு மேஸ்திரியை இழுத்து அதன் கிழிந்த காதை முந்தானையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "ஒரு கீறல் இல்லடி! ஒரு கீறல் இல்ல!" என்று கத்தினார். குரலே உயராத அக்கா கத்தினார். நாயிடம் சொன்னாரா, குட்டியிடம் சொன்னாரா, என்னைப் பார்த்துச் சொன்னாரா தெரியாது. நான் சிரித்தேன், அழுதேன், இரண்டையும் சேர்த்துச் செய்தேன்.

கரையேறியதும் போனை எடுத்து மகனுக்கு வீடியோ போட்டார். ஆபீசில் இருந்த மகன் பதறிவிட்டார். "என்னம்மா, மூச்சு வாங்குது? புடவையெல்லாம் ரத்தம்! நாய் வந்துச்சா? எத்தன போச்சு?"

அக்கா குட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, போனை ஆடுகள் பக்கம் திருப்பினார்.

"நீயே எண்ணிக்க."

மகன் எண்ண ஆரம்பித்தார். ஆடுகள் நகர்ந்தன, கணக்கு விட்டுப்போயிற்று, திரும்ப எண்ணினார். "மெதுவா எண்ணு. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றார் அக்கா. இடுப்பிலிருந்த குட்டியைப் போனுக்கு நேரே தூக்கிக் காட்டி, "இதையும் சேத்துக்க" என்றார். கை வலித்திருக்கும், போனைத் தாழ்த்தவே இல்லை. பிறகு மகனின் குரல் வந்தது.

"எல்லாம் இருக்கும்மா."

"அப்ப நானும் இங்கதான் இருக்கேன்" என்றார் அக்கா.

எனக்கு விசிலடிக்க வராது. அன்றைக்கு இரண்டு விரலை வாயில் வைத்து அடித்துப் பார்த்தேன். பாலம் வரைக்கும் கேட்டது.